சீப்பு வெளிச்சமும் வேப்பமரத்துக் கண்ணாடியும்

உங்குளுக்கு இன்னாத்துக்குடா இதெல்லாம்? வேலைல சேந்து ஒரு மாசம் முய்சா ஆவல. அதுக்குள்ள என் வூட்டு வாசல்ல வந்து குந்திகினு, "ஆயா, அந்தக் கண்ணாடி மேட்டர சொல்லு, சாமியாட்ட மேட்டர சொல்லு"ன்னு நோண்டறீங்க. ஆபீஸ்ல அம்மாம்பெரிய கம்ப்யூட்டரு வச்சிகீறீங்களே, அத்த கேக்கறது! ஒரு பிஸ்கோத்து பாக்கெட்டு கூட இல்லாம வெறுங்கைய வீசிகினு வந்துட்டு கத கேக்குது பாரு. நீ ஏம்மே சிரிக்கிற? உன்னியும் சேத்துதான் சொல்றேன்.

சரி, வந்தது வந்துட்டீங்க. குந்துங்க. அந்தப் பக்கம் குந்தாத, வலை கீது, கால்ல மாட்டிக்கும்.

நான் அங்க வேலைக்கிப் போனப்போ எனுக்கு இன்னா தெரியும்? ரெண்டாங்கிளாசு. அதுலயும் பாதி நாளு எங்கம்மா கூட மீனு கூடய தூக்கிகினு பூட்டேன். காசிமேட்டு ஆர்பராண்ட மொட்டமாடில ஒரு இரும்புப் பொட்டி கீதுல்ல, ஏசி போட்டு? அப்போதான் புச்சா கொண்டாந்து வச்சாங்கோ. பெருக்கித் தொடைக்க ஆளு வோணும்னாங்கோ, பூட்டேன். உள்ள போயி பாத்தா மிசினுக்கு ஏசி, மன்சனுக்கு வெளியில வெயிலு. "இன்னாம்மா இது, எங்கூட்டு மாப்ளக்கி கூட இவ்ளோ மருவாதி இல்ல"ன்னேன். அப்போ உள்ளாற ஒரு பொண்ணு கீழ படுத்துகினு ஒயரு முடுக்கிகினு இருந்துச்சு. படுத்த வாக்குலயே சிரிச்சுது. அதான் மேடம். அத்தோட பேர நான் சொல்ல மாட்டேன், அதுக்குப் புடிக்காது.

மேடம்தான் எனுக்கு அந்த மிசினு இன்னான்னு சொல்லிக் குடுத்துச்சு. படிச்சவங்கோ சொன்னா புரியாது, இது சொன்னா புரியும். என் தலைலேந்தே ரெண்டு சீப்ப புடுங்கிச்சு. ஒண்ணுல பல்லு கொஞ்சம் நெருக்கம், ஒண்ணுல கொஞ்சூண்டு அகலம். ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெயில்ல ஆட்டிக் காட்டுச்சு. பட்ட பட்டயா நெயலு ஓடுச்சு பாரு, ஷோக்கா இருந்துச்சு. "ஆயா, எங்க லேசர் வெளிச்சமும் இப்படித்தான். சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு நிறம், ஆனா கண்ணுக்குத் தெரியாது. இந்த வெளிச்சம் காத்துக்குள்ள போயிட்டு வரும்போது, காத்துல இருக்கற ஒவ்வொரு வாயுவும் தனக்குப் புடிச்ச பல்லை மட்டும் கடிச்சுடும். எந்தப் பல்லு மங்கிப் போச்சுன்னு பாத்தா, எந்த வாயு கடிச்சதுன்னு தெரியும்"னுச்சு.

"பேன் சீப்பு மாறி"ன்னேன் நானு. "சாதா சீப்புல சீவுனா பேனு தப்பிச்சுக்கும். பேன் சீப்புல சீவுனா ஈரு கூட மாட்டிக்கும்."

அது அப்டியே குந்திட்டு, "நாலு வருசம் படிச்சதை ஒரு வரியில சொல்லிட்டீங்களே"ன்னுச்சு. சொம்மா ஐஸு வச்சுது. ஆனாலும் எனுக்கு ரெண்டு நாளு தல கனமாதான் இருந்துச்சு.

அதுலேந்து எனுக்கு கண்ணாடி தொடைக்கிற வேல. மொட்டமாடிலேந்து வெளிச்சம் போவும். அந்தாண்ட கம்பத்து மேல ஒரு கண்ணாடி, அது வெளிச்சத்த திருப்பி அனுப்பும். நடுவுல கீற காத்தத்தான் சீவறது. கடக்கர காத்துல உப்பு, கரித்தூளு, காக்கா எச்சம், எல்லாம் அந்தக் கண்ணாடிமேலதான் குந்தும். காலைல போயி நல்ல தண்ணில கயுவி, மெத்து மெத்துன்னு துணில ஒத்தி எடுக்கணும். தேச்சியோ, தீந்துது. உங்குளுக்கும் சொல்லிக் குடுத்துருப்பாங்கோ. இல்லன்னா கேட்டுக்கோங்கோ.

மொதல்ல ஒரு எரும கத சொல்றேன், அப்பதான் மீதி புரியும். ஒரு நாளு மிசினுல மீத்தேன்னு ஒரு காத்து ஏறிகினே போவுது. எங்க ஆபீஸு பெரிய சாருக்கு கை கால் ஓடல. எங்கியோ பைப்பு பூடுச்சு, ரிப்போட்டு எயுதணும்னு குதிக்கிறாரு. மேடம் செருப்ப மாட்டிகினு, "ஆயா, வாங்க, வெளிச்சத்துக்கு அடியில ஒரு தரம் நடந்துட்டு வருவோம்"னுச்சு. போனோம். கம்பத்தாண்ட யாரோ எரும கூட்டத்த கட்டிப் போட்டுட்டு பூட்டான். அதுங்கோ அச போட்டுகினு நல்லா ஏப்பம் உட்டுகினு கீதுங்கோ. ஒரு எரும மேடத்த பாத்து தலய ஆட்டுச்சு. மேல வந்து சாராண்ட, "சார், பைப்புக்கு வாலு இருக்கு"ன்னுச்சு மேடம். அன்னிக்கி பூரா சிரிச்சோம். எயுதறதுக்கு மின்ன வெளிச்சத்துக்கு அடில நடக்கணும். அத்த மட்டும் மறந்துடாதீங்கோ.

இப்ப நம்ம கதைக்கி வரேன்.

மீன்புடி தட காலம். போட்டெல்லாம் கரைல குந்திகினு கீது. ஆம்பளைங்கோ வலை தைக்கறான், கேரம் ஆடறான். எங்க தெருவுல காலைல காலைல ஒரு நாத்தம். மூத்திர நாத்தமா, மூக்குல ஊசி வச்சு குத்துன மாறி. கண்ணு எரியும். பக்கத்து வூட்டு அஞ்சலைக்கி இயுப்பு வேற. அவ மூச்சு வாங்கறத பாத்தா நமக்கே மூச்சு முட்டும். ஊரே சொல்லுது, வடக்கால கீற கம்பெனிக்காரன் எவனோ காத்த தொறந்து உடறான்னு. எங்க தலைவரு, ஊரு சங்கத்து தலைவரு, பெரிய மீச, சின்ன மனசு இல்ல, நல்ல ஆளுதான், அவரே எல்லாராண்டயும் கைநாட்டு வாங்கி கவர்மெண்டு ஆபீசருக்கு மனு குடுத்துட்டாரு. "உங்க மிசினு இருக்குல்லமா, ஆபீசரு வர்ற அன்னிக்கி அதுல புடிச்சுக் காட்டு. கம்பெனிக்காரன இஸ்துகினு வந்து நடுத்தெருவுல நிக்க வைக்கிறேன்"னு மேடத்தாண்ட சொன்னாரு.

மிசினுல பாத்தாங்கோ. அமோனியா. கரீக்ட்டா அதோட பல்லு எல்லாம் மங்கிப் போச்சு.

ஊரே குதிச்சுது. பெரிய சாரு குதிச்சாரு. டிவிக்காரங்கோ ரெண்டு பேரு மைக்க தூக்கிகினு மொட்டமாடிக்கே ஏறிட்டாங்கோ. "எந்தக் கம்பெனி மேடம், சொல்லுங்க மேடம்." நான் தொடப்பத்தோட ஓரமா நிக்கறேன். எல்லார் கண்ணும் அந்தப் பொண்ணு மேல. அந்த நேரத்துல ஒரு பேர சொல்லிருந்தா மால போட்டுருப்பான்.

அது சொல்லுச்சு, "அமோனியா இருக்கு. அது உண்மை. எங்கிருந்து வருதுன்னு இந்த வெளிச்சத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

மைக்கெல்லாம் அப்டியே தொங்கிப் போச்சு. தலைவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. "இன்னா மேடம், கம்பெனிக்காரன் துட்டு குட்த்தானா?"ன்னு கீயேந்து ஒருத்தன் கத்துனான். மேடம் காதுல அது உய்ந்துச்சு. அவங்கோ போன அப்பால எனுக்கே கோவம். "ஏம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சொல்லிட்டு போறது?"ன்னேன்.

"ஆயா, தூண்டில்ல மீனு மாட்டுனா மாட்டுனது தெரியும். எந்தக் கடல்லேந்து நீந்தி வந்துச்சுன்னு தூண்டில் சொல்லுமா?"

என்னாண்டயே மீனு கத சொல்லுது!

அப்பால செருப்ப மாட்டிச்சு. ரெண்டு பேரும் நடந்தோம். காத்து அன்னிக்கி கடல்லேந்து அடிக்குது, வடக்கேந்து இல்ல. அப்பயும் நாத்தம் கீது. சந்து சந்தா மோந்துகினே போனோம். ஆத்தா கோயிலு வேப்ப மரம், அத தாண்டி சுவரு. அந்த சுவத்தாண்ட போனதும் எனுக்கு கண்ணுல தண்ணி கொட்டுது. அது எந்த சுவரு தெரியுமா? எங்க சங்கத்து ஐஸ் பேக்டரி.

ஐஸ் கட்டி பண்றதுக்கு உள்ளாற அமோனியாதான் ஓடும். அது எங்க ஊரு பொடிசுக்கு கூட தெரியும். தெரிஞ்சும் அவன் அவன் மூக்கு வடக்கயே பாத்துகினு இருந்துச்சு! என் மருமவன் சேகரு அங்கதான் கம்ப்ரசராண்ட வேல. அவன கேட்டேன். "அது எப்பவும் கொஞ்சம் கசியும் அத்தே, பயகிப் போச்சு. தட முடியப் போவுதுல்ல, ஐஸு ஸ்டாக்கு பண்ணணும்னு காலைல புல்லா ஓட்டறோம், அதான் தூக்கலா கீது"ன்னான். சிரிச்சுகினே சொல்றான்.

மேடம் சொம்மா உடல. கோயிலு வேப்ப மரத்தாண்ட இன்னொரு கம்பம் நட்டு, இன்னொரு கண்ணாடி வச்சுது. இப்ப வெளிச்சம் ஐஸ் பேக்டரி சுவர ஒரசிகினு போவும். கம்ப்ரசரு ஓடுனா பல்லு மங்குது, நிறுத்துனா தெளியுது. மறுக்கா ஓடுனா மறுக்கா மங்குது. நாளுக்கு நாளு இன்னும் மங்குது. மேடம் மூஞ்சி செத்துப் போச்சு. "ஆயா, இது கசிவு இல்ல. அந்தக் குழாய் போகப் போகுது. புல்லா ஓட்டுற அன்னிக்கு வெடிச்சா, உள்ள இருக்கறவங்க வெளிய வர முடியாது."

உள்ள இருக்கறவன் எவன்? என் பொண்ணு புருசன்.

மேடம் டிவிக்காரங்கோகிட்ட போவல, ஆபீசராண்ட போவல. தலைவரு வூட்டுக்குத்தான் மொதல்ல போச்சு. நானும் கூட போனேன். "உங்க சங்கத்துது. அதான் உங்ககிட்ட மொதல்ல சொல்றேன். நிறுத்தி குழாயை மாத்துங்க."

தலைவரு மீசய தடவுனாரு. "மேடம், தட முடிஞ்சு போட்டு எறங்கற அன்னிக்கி ஐஸு இல்லன்னா, புடிச்ச மீனெல்லாம் அயுவிப் பூடும். வருசத்துலயே பெரிய மீன்பாடு அதான். ஊரே வெறும் வயித்தோட காத்துகினு கீது. போட்டு போய் வரட்டும், அப்பால மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் குழாய் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆபீசர் வர்ற அன்னிக்கு மிசினு ஓடும். அது காட்டுறதை நான் மறைக்க மாட்டேன்."

அவரே மனு குடுத்து கூப்ட்ட ஆபீசரு! மனுசன் இன்னா பண்ணுவான்?

சாயந்தரமே சேகரு வந்து என்னாண்ட கெஞ்சறான். "அத்தே, கண்ணாடி உன் கைலதானே கீது. அத்த லேசா திருப்பி உட்டுடு. இல்லன்னா என்னிய வேலைய உட்டு தூக்கிடுவாங்கோ." நான் திருப்பல. வேற எவனோ போயி திருப்பிட்டான். திருப்புனா இன்னா? அது சாதா கண்ணாடியா? எந்தப் பக்கமா லேசா சாய்ச்சாலும், வந்த வெளிச்சத்த வந்த வயிக்கே திருப்பி அனுப்பும். மிசினு பாட்டுக்கு ஓடுச்சு. அவனுங்கோ சுவத்துக்குப் பின்னால நின்னுகினு, இன்னாடா இது பேஜாருன்னு முய்ச்சானுங்கோ.

அப்பால ஒண்ணு பண்ணாங்கோ பாரு. எங்க ஊரு மூளைக்கி எங்க ஊரு மூளதான்.

மறுநாளு காலைல துணியும் தண்ணியும் எடுத்துகினு போறேன். வேப்ப மரத்துக் கண்ணாடி பூரா மஞ்ச அப்பி கீது. நடுவுல தோச மாறி குங்குமம். சுத்தி வேப்பில, சாமந்தி மால, எலுமிச்சம்பயம், கீய கற்பூரம். தலைவரு குளிச்சு பட்ட போட்டுகினு நிக்கறாரு. "ஆத்தா கண்ணாடில எயுந்துட்டா. கனவுல வந்து சொன்னா. யாரும் கைய வைக்கக் கூடாது."

பொம்பளைங்கோ கொலவ போடறாங்கோ. அவங்குளுக்கு சூது ஒண்ணும் தெரியாது, ஆத்தான்னா ஆத்தாதான். நான் கையில கீற துணிய இடுப்புல சொருவிட்டு கும்புட்டேன். வேற இன்னா பண்றது?

வெளிச்சம் போய் மஞ்சள்ல முட்டிகினு நின்னுச்சு. மிசினு குருடாப் பூடுச்சு. மறுநாளு ஆபீசரு வராரு. பெரிய சாரு, போலீசு கூப்டு, தொடச்சுப் போடுன்னு குதிக்கிறாரு. மேடம்தான் நிறுத்துச்சு. "போலீசு வந்து தொடச்சா இன்னிக்கு ஒருநாள் தெரியும் சார். அப்புறம் இந்த ஊர்ல ஒரு கம்பம் நிக்காது. அவங்க சாமியைத் தொட்டவங்க சொல்றதை எவனும் நம்ப மாட்டான், குழாயையும் மாத்த மாட்டான்." சொல்லிட்டு படிக்கட்டுல குந்திடுச்சு. அது அழுது நான் பாத்ததில்ல. அன்னிக்கும் அழுவல. சோத்துப் பொட்டிய தொறந்து, என்னாண்ட பாதிய தள்ளிட்டு, துன்னாம கையில பெசஞ்சுகினே இருந்துச்சு. தயிர் சாதம். இன்னமும் அந்தப் பொட்டி என் கண்ணுல கீது.

சாப்புட்டுட்டு வூட்டுக்குப் பூட்டேன்.

சாயந்தரம் பூச. பம்ப மோளம் அடிக்கறான். ஊரே கூடிகினு கீது. ஆளாளுக்கு செல்லுல வீடியோ புடிக்கறான். சேகரு தாம்பாளத்த ஏந்திகினு முன்னால நிக்கறான். பம்ப சத்தம் ஏற ஏற எனுக்கு காலு நிக்கல. கொண்ட அவுந்துச்சு. அப்டியே கூட்டத்துக்குள்ள பூந்து கண்ணாடியாண்ட போயி நின்னேன்.

"எவன்டா என் கண்ணுல மஞ்ச அப்புனது?"

பம்ப டக்குனு நின்னுச்சு.

"எரியுதுடா! இந்தச் சுவத்துலேந்து பொக வருது, நான் முய்ச்சு பாக்க வேணாமா? கண்ணு தொறக்க உடாம கட்டி வச்சிட்டியேடா பாவி!"

பொம்பளைங்கோ கொடத்த தூக்கிகினு ஓடறாங்கோ. ஒருத்தி கடத்தண்ணி கொண்டாந்துட்டா. "உப்புத் தண்ணி வாணாம்டீ! நல்ல தண்ணி!" ஒருத்தன் தோள்ல கீற துண்ட எடுத்து தேய்க்க வரான். "முரட்டுத் துணி வாணாம்டா! புது மல்லு வேட்டி கொண்டா! தேய்க்காத, ஒத்தி எடு, ஒத்தி எடு!" அந்த ஆத்தா மாறி அவ்ளோ வெவரமா அபிசேகம் கேட்ட சாமி ஒலகத்துலயே இருக்காது. கூட்டத்துக்குப் பின்னால மேடம் நிக்குது. வாய பொத்திகினு கீது. பக்தியா வேறயான்னு நான் கேட்டுக்கல.

தலைவரு மட்டும் என்னியே பாக்கறாரு. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனுக்கும் தெரியும். ஆனா ஆத்தா எயுந்துட்டான்னு மொதல்ல சொன்னது யாரு? இப்ப வந்தவ ஆத்தா இல்லன்னு எந்த வாயால சொல்லுவாரு? கைய கட்டிகினு முன்னால வந்தாரு.

"இன்னா வோணும் ஆத்தா?"

"கொயாய மாத்து!"

"மாத்தறேன். போட்டு எறங்கற அன்னிக்கி ஐஸுக்கு இன்னா பண்றது ஆத்தா?"

கில்லாடி மனுசன். எல்லார் மூஞ்சியும் என் பக்கம் திரும்புது. அந்தக் கேள்வி நியாயமான கேள்விதானே, ஊரு வயிறு அது. எனுக்கு பதிலு தெரியாது. எதிர்ல தாம்பாளத்தோட என் மருமவன் நிக்கறான், மூஞ்சில வேர்வ. அவன பாத்தேன். வார்த்த தன்னால வாய்ல வந்துச்சு.

"எல்லாத்தையும் என்னியே கேட்டா, நீ இன்னாத்துக்குடா தலைவரு?"

பின்னால ஒரு கெயவன் குபீர்னு சிரிச்சான். அப்டியே ஊரே சிரிக்குது. தலைவரு மீசைக்குள்ளயும் லேசா சிரிப்பு வந்துச்சு. கண்ணாடி முன்னால கீய உய்ந்து கும்புட்டாரு.

காலைல ஆபீசரு வர்றதுக்கு மின்ன கண்ணாடி பளபளன்னு கீது, வெளிச்சம் போய் வருது. தலைவரே ஆபீசர கூப்ட்டுகினு போயி, "சார், கம்பெனி இல்ல சார், எங்குளுதுதான். நிறுத்திட்டோம், மாத்தறோம்"னாரு. அத்த சொல்றதுக்கு அந்த மனுசனுக்கு எவ்ளோ மனசு வோணும், யோசி. ஐஸ வெளியூர்லேந்து லாரில கொண்டாந்தாங்கோ. பத்தல. கொஞ்சம் மீனு பாழாதான் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் என்னிய பாத்தாலே மூஞ்சிய திருப்பிகினு போனவங்கோ கீறாங்கோ.

மெக்கானிக்கு வந்து கொயாய கயட்டி தரைல வச்சான். ஸ்பேனரால லேசா தட்டுனான். அப்பளம் மாறி நொறுங்கிச்சு. சேகரு அத்தயே பாத்துகினு நின்னான். வூட்டுக்கு வந்து என் பேத்திய தூக்கி மடில வச்சிகினு, வெளக்கு வைக்கற வரைக்கும் எறக்கி உடல.

மேடம் அப்பால வேற ஊருக்குப் பூடுச்சு. போற அன்னிக்கி என்னாண்ட வந்து, "ஆயா, ரிப்போர்ட்டுல கண்ணாடி எப்படி சுத்தமாச்சுன்னு எழுதணும், என்ன எழுதட்டும்?"னுச்சு. "நல்ல தண்ணி, மெத்து துணி. மெய்தானே?"ன்னேன். அப்டியேதான் எயுதுச்சாம். இப்பயும் சாயந்தரமா வேப்ப மரத்தாண்ட போனா, அந்தப் பொண்ணு செருப்பு சத்தம் கேக்கற மாறி இருக்கும். மோந்துகினே நடந்த அந்த சந்தெல்லாம் இப்ப டைல்சு போட்டுட்டாங்கோ.

இன்னா, டீய குடிங்கோ, ஆறிப் போச்சு. ஆங், அத்த வுட்டுட்டனே. கொயாய மாத்துன அப்பால, தெருவுல கொயாயடில பொம்பளைங்கோ எல்லாம் என்னிய புடிச்சுகினாளுங்கோ. அஞ்சலைதான் கேட்டா. அவளுக்கு இயுப்பு கொறஞ்சு வாய் நீண்டு போச்சு. "யக்கா, ஆத்தா மேல சத்தியமா சொல்லு. மெய்யாலுமே உன் மேல வந்தாளா, இல்ல டபாய்ச்சியா?"

நான் கொடத்த தூக்கி இடுப்புல வச்சேன். "ஏன்டீ, டபாய்ச்சேன்னு சொன்னா பய்ய கொயாய மறுபடியும் மாட்டிடப் போறீங்களா?"ன்னுட்டு வந்துட்டேன்.